உதாரணம் புரிகிறது, தானாக எழுத வரவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் கல்லூரி முதலாண்டு மாணவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். மூன்று மாதமாகக் காணொளிகளில் பைத்தான் என்ற நிரல்மொழியை (கணினிக்குக் கட்டளை எழுதும் மொழி) கற்கிறார். "உதாரணத்தைக் காட்டும்போது எல்லாம் புரிகிறது. மூடிவிட்டு நானாக எழுத உட்கார்ந்தால் முதல் வரிகூட வருவதில்லை. இன்னும் எத்தனை உதாரணம் பார்த்தால் வரும்?" என்று கேட்கிறார்.

எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம், குறையுங்கள். வாரத்துக்கு இருபது உதாரணம் பார்க்கிறீர்கள் என்றால் இரண்டு போதும். ஆனால் அந்த இரண்டில் ஒவ்வொன்றோடும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், கையில் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு. எப்படி உட்காருவது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு தைரியம் சொல்லிவிடுகிறேன். உதாரணம் பார்த்துக் கற்பது சோம்பேறி வழி, நேரடியாகக் கணக்கில் குதித்து மோதினால்தான் வரும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-ல் இயற்கணிதத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு எல்லாமே தாங்களாகத் தீர்க்க வேண்டிய கணக்கு. இன்னொரு குழுவுக்கு, தீர்த்துக் காட்டிய கணக்கு ஒன்று, அதே வகையில் தாங்கள் தீர்க்க வேண்டியது ஒன்று என்று மாறி மாறி. இரண்டாம் குழு குறைந்த நேரத்தில் கற்றது. பிறகு அதே மாதிரி கணக்குகளைக் கொடுத்தபோது வேகமாகவும் போட்டது. காரணம் எளிது. புதியவருக்கு ஒரே நேரத்தில் மனதில் தாங்கிப் பிடிக்க முடிவது சில விஷயங்களே. விடையைத் தேடி அலைவதிலேயே அந்த இடம் முழுக்கத் தீர்ந்துவிட்டால், அந்தத் தீர்வு எப்படி அமைந்திருக்கிறது என்று கவனிக்க எதுவும் மிச்சமிருக்காது.

அப்படியானால் உங்களுக்கு ஏன் வரவில்லை? இதற்கும் ஓரளவு விடை தெரியும். மிஷலீன் சீ என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1989-ல் இயற்பியல் மாணவர்களைக் கவனித்தார்கள். எல்லோருக்கும் அதே உதாரணங்கள்தான். நன்றாகக் கற்றவர்கள் ஒவ்வொரு அடியிலும் நின்று "இது ஏன் இங்கே வந்தது?" என்று தங்களுக்குத் தாங்களே விளக்கிக்கொண்டே போனார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் வரிகளைத் திரும்பப் படித்தார்கள். காணொளி ஓடும்போது நாம் செய்வது இந்த இரண்டாவது வேலை. விளக்கத்தை வேறொருவர் சொல்லிவிடுகிறார், நாம் தலையாட்டுகிறோம். அப்போது கிடைக்கும் "புரிந்தது" என்ற உணர்வு பொய்யில்லை. வாசலில் போட்ட கோலத்தைப் பார்க்கும்போது எந்த இழை எங்கே வளைகிறது என்று கண்ணுக்குத் தெரியத்தானே செய்கிறது. மாவை எடுத்துப் புள்ளி வைக்க உட்காரும்போது தேவைப்படுவது வேறு.

இதை நான் அனுபவித்தே அறிந்தேன். நான் படித்த கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்குப் பன்னிரண்டு நிரல்கள். ரெக்கார்டு நோட்டில் எழுதி, படம் போட்டு, கையெழுத்து வாங்கி, பன்னிரண்டையும் மனப்பாடம் செய்தேன். தேர்வன்று சீட்டுக் குலுக்கி எடுத்ததில் எனக்கு வந்த கேள்வியில் "ஏறுவரிசை" என்பதற்குப் பதில் "இறங்குவரிசை" என்று இருந்தது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு குறி. எந்தக் குறி என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு உதாரணமும் வரி பிசகாமல் தலையில் இருந்தது, ஆனால் எந்த வரி எந்த வேலையைச் செய்கிறது என்று ஒரு நாளும் கேட்டுப் பார்த்ததில்லை. இன்று மாலை வேளைகளில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அதே முகத்தை நிறைய பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். உதாரணங்களை எழில் மொழியில் தருகிறேன். முத்தையா அண்ணாமலை 2007 வாக்கில் உருவாக்கத் தொடங்கிய, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் திறமூல மொழி அது. அதன் உள்ளே இயங்குவதும் பைத்தான்தான். பைத்தானை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆங்கிலச் சொல் எது, நிரலின் கருத்து எது என்று பிரித்துப் பார்க்க இது உதவும். இன்னொரு அழகும் உண்டு. எழிலில் நிபந்தனை முதலில் வரும், 'ஆனால்' (அதாவது, அப்படி ஆனால்) என்ற சொல் பின்னால் வரும், "மழை வந்தால்" என்று நாம் பேசுகிற அதே வரிசையில். பைத்தானில் 'இஃப்' முன்னால் நிற்கும். தமிழ்வழி மாணவர்கள் சிலர் இந்த இடத்தில் தடுமாறுவதையும், எழிலில் ஒருமுறை பார்த்த பிறகு தெளிவதையும் பார்த்திருக்கிறேன்.

முதல் உதாரணம். ஒரு பெண் உண்டியலில் முதல் நாள் 10 ரூபாய் போடுகிறாள், இரண்டாம் நாள் 20, மூன்றாம் நாள் 30. இப்படியே ஐந்து நாள். மொத்தம் எவ்வளவு?

```
மொத்தம் = 0
@( நாள் = 1, நாள் <= 5, நாள் = நாள் + 1 ) ஆக
    மொத்தம் = மொத்தம் + (நாள் * 10)
முடி
பதிப்பி மொத்தம்
```

'ஆக' வரியிலிருந்து 'முடி' வரை உள்ளது வளையம்: நாள் 1-இல் தொடங்கி, சுற்றுக்கு ஒன்றாகக் கூடி, 5-ஐத் தாண்டாதவரை உள்வரியைத் திரும்பத் திரும்பச் செய்யும். * என்பது பெருக்கல், 'பதிப்பி' என்றால் திரையில் காட்டு. இதை இயக்காதீர்கள். முதலில் தாளில் ஒரு எண்ணை எழுதுங்கள்: திரையில் என்ன வரும்? தவறாக இருந்தாலும் பரவாயில்லை, எழுத வேண்டும். மனதில் நினைத்துக்கொண்டால் விடையைப் பார்த்ததும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று தோன்றிவிடும்.

அப்புறம் இரண்டு நெடுவரிசை போட்டு, நாள், மொத்தம் என்று தலைப்பிட்டு, கணினி செய்வதை நீங்கள் கையால் செய்யுங்கள். நாள் 1, மொத்தம் 10. நாள் 2, மொத்தம் 30. நாள் 3, மொத்தம் 60. நாள் 4, மொத்தம் 100. நாள் 5, மொத்தம் 150. பெரும்பாலோர் இங்கே பேனாவை வைத்துவிடுவார்கள். இன்னும் ஒரு வரி இருக்கிறது: நாள் 6. ஆறு வருகிறது, 6 <= 5 பொய்யாகிறது, உள்ளே நுழையாமல் வளையம் முடிகிறது. இந்த 6-ஐ எழுதியவருக்குப் பைத்தானில் இதே வேலைக்கு ஏன் ரேஞ்ச்(1, 6) என்று கொடுக்கிறோம் என்பது புதிராகத் தெரியாது. ஆறு என்பது நிற்கும் இடம், உள்ளே வராது. (பைத்தானில் நாள் என்ற மாறி, அதாவது மதிப்பைத் தாங்கும் பெயர், 5-லேயே நின்றுவிடும், 6-ஐத் தொடாது. இந்தச் சிறு வேறுபாட்டையும் இயக்கிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.)

அடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "ஏன்" எழுதுங்கள். "என்ன" வேண்டாம். "மொத்தத்தில் நாளைக் கூட்டுகிறது" என்று எழுதினால் அது நிரலைத் தமிழில் திரும்பச் சொல்வதுதான். "இதுவரை சேர்ந்ததை இழக்காமல் இன்றைய காசைச் சேர்க்கிறது" என்பது ஏன். இந்த வரியில் கணிதம் நன்றாகப் படித்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மொத்தம் = மொத்தம் + 10 என்று கணக்குத் தாளில் எழுதினால் அது அபத்தம், இரு பக்கமும் சமமாகவே முடியாது. நிரலில் அந்தக் குறி சமம் என்று சொல்லவில்லை. வலப்பக்கத்தைப் பழைய மதிப்புகளால் கணக்கிட்டு, கிடைத்ததை இடப்பக்கப் பெயரில் வை என்று சொல்கிறது. வலப்பக்கம் நேற்றைய உண்டியல், இடப்பக்கம் இன்றைய உண்டியல். இந்த ஒரு வரியைத் தெளிவில்லாமல் கடந்தவர்கள் ஆறு மாதம் கழித்தும் வளையத்தில் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். தேவைப்பட்டால் ஒரு நாள் முழுக்க இங்கேயே இருங்கள்.

இப்போது கெடுத்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் விடையை முன்கூட்டி எழுதிவிட்டு. குறியை <= என்பதிலிருந்து < என்று மாற்றினால்? 100. மொத்தம் = 0 என்ற வரியை வளையத்துக்குள் இறக்கினால்? ஒவ்வொரு நாளும் உண்டியலைக் கவிழ்த்துவிட்டுத் தொடங்குவதால் கடைசி நாளின் 50 மட்டும் மிஞ்சும். பதிப்பி வரியை உள்ளே கொண்டுவந்தால்? 10, 30, 60, 100, 150 என்று ஐந்து வரி வரும். மொத்தம் 500-லிருந்து தொடங்கினால்? 650, உண்டியலில் ஏற்கெனவே காசு இருந்திருக்கிறது. முதல் வரியையே அழித்துவிட்டால்? பிழைச்செய்தி வரும், அதை முழுவதும் படியுங்கள். நாளைக்கு உங்கள் சொந்த நிரலில் அதே செய்தி வரும்போது அது தெரிந்த முகமாக இருக்கும். நான் தேர்வில் தேடிய அந்த ஒரு குறியை, இப்படிக் கெடுத்துப் பழகியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு காட்டியிருப்பேன்.

இதற்குப் பிறகுதான் மூடுவது. முழுசாக மூடாதீர்கள், அங்கேதான் நீங்கள் ஒரேயடியாகக் குதித்தீர்கள். கடைசி வரியை மட்டும் மறைத்து எழுதுங்கள். வந்ததா, அடுத்து வளையத்தின் உள்வரியையும் சேர்த்து மறையுங்கள். பிறகு வளையத்தின் தலைவரி. கடைசியாகத்தான் முதல் வரி. பின்னாலிருந்து முன்னால் வருவதற்குக் காரணம், முதல் வரியை எழுதத்தான் முழுத் திட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மொத்தம் என்று ஒரு மாறி தேவைப்படும் என்பதே, பின்னால் கூட்டப் போகிறோம் என்று தெரிந்தவருக்குத்தான் தோன்றும். நீங்கள் "முதல் வரிகூட வரவில்லை" என்கிறீர்களே, நிரலில் எழுதக் கடினமான வரி அதுதான். எளிதான வரி என்று நினைத்து மனம் நொந்துபோக வேண்டாம்.

எப்போதும் தட்டச்சு செய்யுங்கள், நகலெடுத்து ஒட்ட வேண்டாம். நகலெடுத்தால் 'முடி' என்ற சொல் எதை முடிக்கிறது என்று கை ஒருபோதும் கேட்பதில்லை.

இரண்டாவது உதாரணம் கொஞ்சம் கனமானது. 72 அங்குல நீளமும் 30 அங்குல அகலமும் உள்ள ஒரு தரை. ஒரே அளவுச் சதுர ஓடுகளால், எந்த ஓடும் உடையாமல், நிரப்ப வேண்டும். இருப்பதிலேயே பெரிய ஓடு எந்த அளவு? பள்ளியில் மீப்பெரு பொது வகுத்தி என்று படித்தோமே, அதுதான்.

```
நீளம் = 72
அகலம் = 30
@( நீளம் != அகலம் ) வரை
    @( நீளம் > அகலம் ) ஆனால்
        நீளம் = நீளம் - அகலம்
    இல்லை
        அகலம் = அகலம் - நீளம்
    முடி
முடி
பதிப்பி நீளம்
```

வழக்கம்போல ஊகம், அப்புறம் அட்டவணை. 72, 30. பிறகு 42, 30. பிறகு 12, 30. பிறகு 12, 18. பிறகு 12, 6. கடைசியில் 6, 6. விடை 6. ஐந்து சுற்று.

இங்கே "ஏன்" என்ற கேள்வி உண்மையிலேயே ஆழமானது: எதற்காகக் கழிக்கிறோம்? தரையைப் படமாக வரையுங்கள். அதிலிருந்து 30-க்கு 30 சதுரம் ஒன்றை வெட்டி எடுங்கள். மிச்சம் 42-க்கு 30. எந்த ஓடு 72-இலும் 30-இலும் மிச்சமின்றி அடங்குமோ, அது இந்த 42-இலும் அடங்கியே தீரும். ஆகவே பெரிய தரையின் கேள்வியும் சிறிய தரையின் கேள்வியும் ஒரே விடை கொண்டவை. வெட்டிக்கொண்டே போனால் தரையே ஒரு சதுரமாகிவிடுகிறது, அதுதான் ஓடு. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் எழுதிவைத்த முறை இது. படம் வரையாமல் இதைப் படித்தவர் கழித்தலை மனப்பாடம் செய்வார். வரைந்தவர் அதை மறக்க மாட்டார்.

ஒரு சொல்லையும் கவனியுங்கள். 'வரை' என்றதும் "அது நடக்கும்வரை" என்று படித்துவிடத் தோன்றும். எழிலில் அது "இப்படி இருக்கும்வரை" என்ற பொருளில் வருகிறது: இரண்டும் வேறு வேறாக இருக்கும்வரை சுற்று. பைத்தானின் 'வைல்' சொல்லும் இதையேதான் சொல்கிறது. தலைகீழாகப் படித்தால் வளையம் தொடங்கவே தொடங்காது என்று தோன்றும்.

கெடுத்துப் பார்க்கும்போது அகலத்தை 0 ஆக்குங்கள். 72-லிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் 72. மறுபடியும் 72. நிரல் நிற்கவே நிற்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். முடிவில்லாத வளையம் என்று பாடத்தில் படித்ததை இப்போது நீங்களே உண்டாக்கிவிட்டீர்கள். 35, 12 கொடுத்தால் விடை 1 வரும், ஆனால் 13 சுற்று ஆகும்.

எத்தனை சுற்று என்று நான் எண்ணிச் சொன்னேனே, அதை நிரலே எண்ணிச் சொல்லட்டும். இதுதான் உங்கள் அடுத்த வேலை, இதற்கு நான் நிரல் எழுதித் தரப்போவதில்லை. ஆனால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உண்டியலில் 'மொத்தம்' என்ன செய்தது? வெளியே பூஜ்யத்தில் தொடங்கியது, உள்ளே தன்னோடு சேர்த்துக்கொண்டே போனது, முடிந்ததும் வெளியே அச்சானது. இங்கே சேர்ப்பது பத்து ரூபாய் இல்லை, ஒன்று. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வரியை எங்கே வைப்பது என்பதில்தான் மாணவர்கள் தவறுவார்கள். 'ஆனால்' கிளைக்குள் வைத்தால் 72, 30-க்கு 3 என்று வரும், 'இல்லை' கிளைக்குள் வைத்தால் 2. இரண்டு கிளைகளுக்கும் வெளியே, வளையத்துக்கு உள்ளே வைத்தால்தான் 5.

உண்டியலும் தரை ஓடும் பார்வைக்குச் சம்பந்தமே இல்லாதவை. இரண்டுக்கும் நடுவில் "பூஜ்யத்தில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று சேர்" என்ற ஒரே எலும்புக்கூடு இருக்கிறது. அனுபவமுள்ள நிரலாளர் தலையில் இருப்பது ஆயிரம் நிரல்கள் அல்ல, இப்படிப்பட்ட சில டஜன் எலும்புக்கூடுகள்தான். ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். நிரலை முழுசாக எழுதி வைக்காமல், எலும்புக்கூட்டுக்கு நீங்களே ஒரு தமிழ்ப் பெயர் வைத்து, அது வந்த இரண்டு மூன்று கதைகளை அதன் கீழே குறியுங்கள். 'உண்டியல்' என்றே பெயர் வைக்கலாம். அடுத்த முறை வகுப்பில் எத்தனை பேர் தேர்ச்சி என்று எண்ணும் உதாரணம் வரும்போது, அதை உண்டியலின் கீழ் சேர்ப்பீர்கள். இதுவரை கண்டவற்றில் எது பெரியது என்று தேடும் உதாரணம் வந்தால் கொஞ்சம் யோசிப்பீர்கள். அதுவும் ஒன்றை வெளியே வைத்து உள்ளே மாற்றுகிறது, ஆனால் சேர்க்கவில்லை, பெரியது வந்தால் பழையதைத் தூக்கி எறிகிறது. அது புதிய பக்கம்.

இதை எவ்வளவு நாள் செய்வது? ஒரு வகையில் கை ஓடத் தொடங்கியதும் அந்த வகையில் உதாரணம் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். புதியவருக்கு உதவுகிற அதே உதாரணம் ஓரளவு தேர்ந்தவருக்குத் தடையாகிறது என்பதையும் ஸ்வெல்லரின் வழியில் வந்த ஆய்வுகள் காட்டின. தெரிந்ததையே விளக்கிக் கேட்பதில் கவனம் வீணாகிறது. அப்போது நேரடியாகக் கணக்கில் இறங்க வேண்டும். வளையத்தில் இந்த நிலைக்கு வந்திருப்பீர்கள், ஆனால் கோப்புகளைக் கையாள்வதில் இன்னும் உதாரணம் தேவைப்படும். தலைப்புக்குத் தலைப்பு வேறுபடும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். உதாரணம் கேளுங்கள், தாராளமாக. "இதே எலும்புக்கூட்டில் வேறொரு கதை கொடு", "இந்த நிரலில் ஒரு பிழையை ஒளித்துவைத்துக் கொடு" என்று கேட்பது நல்ல பயிற்சி. நீங்கள் தீர்க்க வேண்டிய கணக்கின் விடையை மட்டும், ஒரு முழு முயற்சி எழுதி முடிக்கும்வரை கேட்காதீர்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. யேல் பல்கலைக்கழகத்தில் எல்லியட் சோலோவே 1980-களில் மாணவர்களுக்குக் கொடுத்தது, இன்றுவரை உலகமெங்கும் முதலாண்டு மாணவர்களைத் தடுக்கிவிடும் கணக்கு. பயனர் ஒவ்வொரு நாளின் மழையளவாக எண்களைக் கொடுத்துக்கொண்டே வருவார். 99999 என்று கொடுத்தால் முடிந்தது என்று பொருள். அந்த எண்ணைச் சேர்க்காமல், சராசரி மழையைச் சொல்ல வேண்டும். பார்த்தால் சின்னக் கணக்கு. உள்ளே இரண்டு உண்டியல்கள் இருக்கின்றன, ஒன்று மழையைச் சேர்ப்பது, ஒன்று நாளை எண்ணுவது. வெளியே 'இப்படி இருக்கும்வரை' என்ற ஒரு வளையம். எழிலிலோ பைத்தானிலோ எழுதுங்கள். முதலில் அட்டவணை போட்டு 20, 0, 40, 99999 என்று கையால் ஓட்டிப் பாருங்கள், விடை 20 வர வேண்டும். மழை பெய்யாத நாளும் ஒரு நாள்தான், அந்த 0-ஐ எண்ணாமல் விட்டால் 30 வந்துவிடும். அது சரியாக வந்ததும், பயனர் முதல் எண்ணாகவே 99999 கொடுத்தால் உங்கள் நிரல் எதை எதால் வகுக்கும் என்று பாருங்கள்.